மறதி நோய் உள்ளவரைப் பார்த்துக்கொள்ள முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்

முப்பத்திரண்டு வருடம் சிங்கப்பூரில், செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தேன். கடைசிப் பதினோரு வருடம் பாதுகாப்பு மேற்பார்வையாளர். சாரத்திலிருந்து ஒரு ஸ்பேனர் விழுந்தாலும், அது யார் தலையிலும் படாமல் போனாலும், ஒரு தாளில் எழுதியாக வேண்டும். எத்தனை மணி, அதற்கு முன் என்ன நடந்தது, யார் எங்கே நின்றார்கள், அப்புறம் என்ன செய்தோம். 'யார் தப்பு' என்று ஒரு கட்டம் அந்தத் தாளில் கிடையாது. அப்படி ஒரு கட்டம் இருந்தால் எவனும் உண்மையை எழுத மாட்டான்.

அம்மாவுக்கு டிமென்ஷியா என்று 2018-இல் டாக்டர் சொன்னபோது இந்தத் தாள் என் நினைவுக்கு வரவில்லை. ஒன்றரை வருடம் அம்மாவோடு மல்லுக்கட்டிய பிறகுதான் வந்தது. அந்த ஒன்றரை வருடம் உங்களுக்காவது மிச்சமாகட்டும்.

மல்லுக்கட்டு எப்போதும் சாயங்காலம். ஐந்தரை ஆனால் அம்மா இரண்டு புடவை, முருகன் படம், சில நாள் டிவி ரிமோட், எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார்.

"வீட்டுக்குப் போறேன். கதவைத் தொற."

"அம்மா, இதுதான் வீடு. யீஷூன். இருபத்தாறு வருசமா இங்கதானே இருக்கோம்?"

"நீ யாருடா எனக்குச் சொல்ல?"

நான் மின்சாரக் கட்டண ரசீதை எடுத்து வந்து முகவரியைக் காட்டியிருக்கிறேன். இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. புதிதாக நடப்பதைப் பதிந்து வைக்கும் இடம் மூளையில் பழுதாகிவிட்டவரிடம் ரசீதைக் காட்டி வாதம் செய்தால் என்ன கிடைக்கும்? சத்தம்தான் கிடைத்தது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா ஒருநாள் கதவைத் தட்டி எல்லாம் சரிதானே என்று கேட்டார்.

அடுத்த நாள் கடைக்குப் போய் ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கினேன்.

நோட்டில் என்ன எழுதுவது

பக்கத்தை ஐந்தாகப் பிரியுங்கள். மணி. அதற்கு முந்திய அரை மணி நேரத்தில் வீட்டில் நடந்தது. அவர் செய்தது, சொன்னது, அதே வார்த்தையில். நாம் செய்தது. அப்புறம் ஆனது. 'அடம் பிடித்தார்' என்று எழுதக் கூடாது, அது நம் அபிப்பிராயம். 'தட்டைத் தள்ளினார், எரியுதுன்னு சொன்னார்' என்று எழுத வேண்டும். வீட்டில் இருக்கும் எல்லாரும் எழுத வேண்டும், இரண்டு வாரத்துக்கு. நடுவில் யாரும் முடிவுகட்டக் கூடாது.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று கொஞ்ச நாள் பெருமையாக இருந்தேன். அப்புறம் பார்த்தால் ஹெலன் கேல்ஸ், லாரா கிட்லின், லைக்கெட்சோஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இதையே 'டைஸ்' என்று பெயர் வைத்து வகுத்திருக்கிறார்கள். நடந்ததை விவரி, காரணத்தைத் துருவு, ஒரு வழி செய், அது பலித்ததா என்று பார். கப்பல் பட்டறைக்காரனுக்குப் புரியாத சங்கதி எதுவும் அதில் இல்லை.

பதினான்கு நாளில் பதினோரு நாள் அம்மா வாசலுக்கு வந்திருந்தார். அதில் ஒன்பது நாள் மதியம் இரண்டு மணிக்குப் பிறகு ஒரு வாய் தண்ணீர்கூட உள்ளே போகவில்லை. ஐந்தரைக்குத்தான் என் மகன் வேலை முடிந்து கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு வருவான், அடுப்பில் சம்பல் வதங்கும், டிவி ஓடும். வீட்டில் வெளிச்சம் மங்கியிருக்கும், ஏழு மணிக்கு முன்னால் விளக்குப் போட எனக்கு மனசு வராது. இருட்ட ஆரம்பித்ததும் சன்னல் கண்ணாடியில் தெரியும் கிழவி யாரென்று அம்மாவுக்குத் தெரியாது. வாசலுக்கு வராத மூன்று நாளில் இரண்டு நாள் ஞாயிறு, என் தங்கை வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாட்கள்.

மூன்றாவது கட்டத்தில் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வந்திருந்தது: "அவர் டூட்டி முடிஞ்சு வந்துருவாரு, நான் இன்னும் சோறு வடிக்கல."

அம்மா போக நினைத்த வீடு நேவல் பேஸ் குவார்ட்டர்ஸ், பழைய கடற்படைத் தளத்துக் குடியிருப்பு. அப்பா அங்கே பிரிட்டிஷ்காரர்களின் கப்பல் துறையில் வேலை பார்த்தார். நான் பிறந்ததும் அங்கேதான். பிரிட்டிஷ் படை 1971-இல் கிளம்பிய பிறகு நாங்களும் அங்கிருந்து வந்துவிட்டோம். அம்மா மட்டும் தினமும் சாயங்காலம் அங்கே சோறு வடிக்கப் போகிறார். முகவரியைக் காட்டிக்கொண்டிருந்த எனக்கு அது கேட்கவே இல்லை.

ஆகவே மாற்றியது இவ்வளவுதான். நாலு மணிக்கு ஒரு தே, இரண்டு பிஸ்கட். ஐந்துக்கு எல்லா விளக்கும் போட்டுத் திரையை இழுத்து விடுவது. டிவிக்குப் பதில் ஒலி 96.8, சின்னச் சத்தத்தில். சமையல் வாசம் வருகிற வேலையெல்லாம் நாலுக்குள் முடிந்துவிடும். மகன் கதவை மெதுவாகச் சாத்தப் பழக மூன்று வாரம் ஆனது, அவனுக்கு டிமென்ஷியா கிடையாது. ஐந்தேகாலுக்கு முறத்தில் ஒரு கட்டு முருங்கைக்கீரை அம்மா மடிக்கு வரும்.

"அம்மா, அவர் வர்ற நேரமாச்சு, கீரைய ஆஞ்சு குடுத்துருங்க."

கீரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கை பழகிய வேலை பேர் மறந்த பிறகும் நிற்கும். கிட்லின் குழுவினர் ஒவ்வொருவருக்கும் மிச்சமிருக்கும் திறமையைப் பார்த்து, அதற்கேற்ற வேலை கொடுக்கும் முறையைச் சோதித்தார்கள். நோயாளியின் கொந்தளிப்பும் குறைந்தது, பார்த்துக்கொள்பவரின் பாரமும் குறைந்தது. ஒரு நிலையத்தில் அம்மாவுக்கு வண்ணம் தீட்டக் கொடுத்தார்கள். வாழ்நாளில் வண்ணப் பென்சிலைத் தொடாதவர், "இது சின்னப் புள்ளைங்களுக்கு" என்று தள்ளிவிட்டார். கீரையை மட்டும் தள்ளவே மாட்டார். உங்கள் அப்பா கணக்கப்பிள்ளையாக இருந்திருந்தால் பழைய ரசீதுகளைக் கொடுத்து அடுக்கச் சொல்லுங்கள், தையல்காரராக இருந்திருந்தால் துண்டுகளை மடிக்கச் சொல்லுங்கள். ஆய்ந்த கீரையில் பாதி காம்பு இருக்கும். அவர் பார்க்கும்படி திரும்ப ஆயக் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் வாரத்தில் இரண்டு நாள் அம்மா வாசலுக்கு வருவார். அன்றைக்கு நானும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே இறங்கிவிடுவேன். புளோக்கை ஒரு சுற்று, கோப்பிக் கடை வரை ஒரு நடை. திரும்பி வந்து கதவைத் திறந்து "வீடு வந்தாச்சும்மா" என்றால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அப்பா 2009-இல் தவறிவிட்டார். "அப்பா எங்க?" என்று கேட்டால் என்ன சொல்வது? ஆரம்பத்தில் உண்மையைச் சொன்னேன். அம்மாவுக்கு அது ஒவ்வொரு தடவையும் புதுச் சாவு. ஒரே வாரத்தில் மூன்று முறை அப்பாவுக்காக அழவைத்துவிட்டு நிறுத்தினேன். இப்போது "அப்பா டூட்டில இருக்காரு" என்று என் மனைவி சொல்வாள். எனக்குப் பொய் நாக்கில் ஒட்டாது. "அப்பா நல்லா ஹார்மோனியம் வாசிப்பாராம்மா?" என்று கேட்பேன், அதிலிருந்து பத்து நிமிடம் போகும். இரண்டில் எது சரி என்று படித்தவர்களே இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்த மூன்று அழுகையை மட்டும் நீங்கள் தவிர்த்துவிடுங்கள்.

இரண்டே நாளில் மாறினால் டாக்டர்

டிமென்ஷியா பெரும்பாலும் மாதக் கணக்கில், வருடக் கணக்கில் இறங்கும். நேற்று வரை நடந்தவர் இன்று எழுந்திருக்க மறுத்தால், திடீரென்று இல்லாத ஆட்களைப் பார்த்துப் பேசினால், காலையில் தெளிவும் இரவில் குழப்பமுமாக இருந்தால், அது பெரும்பாலும் டெலிரியம் என்னும் சித்தக் குழப்பம். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீர் வற்றுவது, எங்காவது வலி, புதிதாகச் சேர்ந்த மாத்திரை, இப்படி ஏதோ ஒன்று அடியில் இருக்கும். அடியில் இருப்பதைக் கண்டுபிடித்தால் சரியாக வாய்ப்பு உண்டு. விட்டால் உயிருக்கே வினை.

அம்மா 2021-இல் இரண்டு நாளில் இப்படி மாறினார். முதலில் காட்டிய இடத்தில் "நோய் முற்றிவிட்டது, எதிர்பார்த்ததுதான்" என்று அனுப்பிவிட்டார்கள். நோட்டை எடுத்துக்கொண்டு இன்னொரு டாக்டரிடம் போனேன். 'ஒண்ணுக்குப் போக ஒன்பது தடவை எழுந்தார், அடிவயிற்றைப் பிடித்தார்' என்று பணிப்பெண் எழுதியிருந்த வரியை அவர் படித்துவிட்டு முதலில் சிறுநீரைத்தான் சோதித்தார். தொற்று. ஒரு வாரத்தில் பழைய அம்மா திரும்பினார்.

மாத்திரை பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். டோனெபெசில் போன்றவை சிலருக்குக் கொஞ்ச காலம் கைகொடுக்கும், நோயைத் தீர்க்காது. கத்துகிறார், அடிக்கிறார் என்று மனநோய்க்கான மருந்தை எழுதிக் கொடுத்தால், எதற்கு, எத்தனை வாரம், எப்போது குறைப்பீர்கள் என்று மூன்று கேள்வியையும் கேளுங்கள். டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு அந்த வகை மருந்துகளால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2005-லேயே எச்சரித்தது. சில நேரம் தேவைப்படலாம்தான். கேட்காமல் வாங்கிக்கொண்டு வராதீர்கள், நீங்களாகவே திடீரென்று நிறுத்தவும் செய்யாதீர்கள்.

குளியல்

எங்கள் வீட்டில் மிகப் பெரிய யுத்தம் இதுதான். அம்மா பணிப்பெண்ணின் கையைக் கடித்ததும் குளியலறையில்தான்.

நோட்டைப் பார்த்தோம். காலை ஏழு மணி, சில்லென்ற தரை, தலைக்கு மேலிருந்து இரைச்சலோடு கொட்டும் ஷவர், உடம்பில் துணியில்லாமல் நிற்க வேண்டும், எதிரில் ஒரு முன்பின் தெரியாத பெண். எண்பது வயது அம்மா கடிக்காமல் என்ன செய்வார்?

அமெரிக்காவில் பிலிப் ஸ்லோன் என்ற டாக்டரும் தாதியரும் முதியோர் இல்லங்களில் இதை முறையாகச் சோதித்து 2004-இல் வெளியிட்டார்கள். ஆளின் விருப்பத்துக்குத் தக்கபடி குளிப்பாட்டுவது ஒரு வழி. படுக்கையிலேயே வெந்நீரில் நனைத்த பெரிய துண்டால் போர்த்தி, துண்டுக்கு மேலேயே தேய்த்துத் துடைப்பது இன்னொரு வழி. இரண்டிலும் அடிப்பதும் திமிறுவதும் பாதிக்கு மேல் குறைந்தன. குளிப்பாட்டும் நேரமும் பெரிதாகக் கூடவில்லை.

நாங்கள் செய்தது: நேரத்தைப் பதினோரு மணிக்கு மாற்றினோம், வெயில் ஏறிய பிறகு. ஷவரை விட்டுவிட்டு, நேவல் பேஸில் இருந்தது போல ஒரு வாளி, ஒரு குவளை. குவளையை அம்மா கையிலேயே கொடுத்தோம். மார்புக்குக் குறுக்கே ஒரு பழைய சேலை, ஆற்றில் குளிக்கும் பெண்கள் கட்டுவது போல. உட்கார பிளாஸ்டிக் நாற்காலி. முதலில் பாதம், அப்புறம் கால், அப்புறம் முதுகு, தலை கடைசி. கண்ணாடிக்குத் திரை. முடியாத நாளில் முகம், அக்குள், கீழ்ப்பகுதி மூன்றையும் துடைத்தால் போதும். தினமும் குளிக்காவிட்டால் குடி முழுகிப்போகாது. இதை என் மனைவிக்குப் புரியவைக்கத்தான் நாளானது, வெள்ளிக்கிழமை தலை முழுகாமல் சாமி விளக்கா என்பாள்.

குளியலறைக் கைப்பிடிகளுக்கும் வழுக்காத தரைக்கும் வீவக என்னும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் 'ஈஸ்' திட்டத்தில் மானியம் உண்டு. விழுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.

பேச்சு

எங்கள் பணிப்பெண் ஜாவாவைச் சேர்ந்தவர். தமிழ் தெரியாதவரிடம் அம்மாவை எப்படி விடுவது என்று தவித்தோம். அம்மாவோ அவரிடம் மலாய் பேச ஆரம்பித்துவிட்டார். நேவல் பேஸிலும் பாசாரிலும் பழகிய பழைய மலாய், இந்தோனேசியக்காரருக்கு முக்கால்வாசி புரிகிறது. பின்னால் கற்ற மொழி முதலில் போகும் என்பார்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் போயே போய்விட்டது, மலாய் இன்னும் இருக்கிறது. பணிப்பெண்ணுக்கு நாங்கள் சொல்லிக் கொடுத்த தமிழ் பத்துச் சொல்தான்: வலிக்குதா, தண்ணி, ஒண்ணுக்கு, பசிக்குதா, வாங்கம்மா, இப்படி. 'வலிக்குதா' கட்டாயம் அதில் இருக்க வேண்டும். வலி வரும்போது பலர் தாய்மொழிக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

ஒரு வாக்கியத்தில் ஒரு சேதி. "என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டால் திணறுவார். இரண்டு கையிலும் காட்டி "இட்லியா, ரொட்டியா?" என்று கேட்டால் கை நீட்டுவார். பதிலுக்குப் பத்து எண்ணும் வரை காத்திருங்கள்.

தீபாவளிக்கு வரும் சொந்தக்காரர்களுக்கு வாசலிலேயே ஒரு சட்டம் சொல்லிவிடுவேன். "நான் யாருன்னு தெரியுதா?" என்று கேட்கக் கூடாது. "சித்தி, நான் செல்வி மகன், நீங்க செஞ்ச அதிரசம் சாப்பிட வந்திருக்கேன்" என்று அவர்களே சொல்லிவிட வேண்டும். பரீட்சை வைக்க அவர்கள் யார்? டாம் கிட்வுட் என்ற பிரிட்டிஷ்காரர் இதைத்தான் ஆராய்ந்தார். நோயாளியைக் குழந்தை போலக் கொஞ்சுவது, எதிரிலேயே வைத்துக்கொண்டு அவரைப் பற்றிப் பேசுவது, அவர் செய்யக்கூடியதைப் பிடுங்கிச் செய்வது, இவையெல்லாம் நோய் செய்யாத கெடுதலை மேலே சேர்க்கின்றன என்றார். நல்ல மனசுக்காரர்கள்தான் இவற்றைச் செய்கிறார்கள் என்பதையும் அவர் சொல்லத் தவறவில்லை. நான் முதல் வருடம் இந்த மூன்றையும் செய்தேன்.

காணாமல் போனால்

அம்மா ஒருமுறை மின்தூக்கியில் எட்டாம் மாடிக்குப் பதில் ஆறில் இறங்கி, எங்கள் வீட்டுக்கு நேர் கீழே இரண்டு மாடி தள்ளியிருக்கும் வீட்டின் கதவை அரை மணி நேரம் தட்டியிருக்கிறார். எல்லா மாடியும் ஒரே மாதிரி இருந்தால் அவரும் என்ன செய்வார். அதற்குப் பிறகு எங்கள் கதவில் வருடம் முழுக்க பிளாஸ்டிக் மாவிலைத் தோரணமும், நடைபாதையில் ஒரு சிவப்பு நாற்காலியும் இருக்கின்றன.

டிமென்ஷியா சிங்கப்பூர் அமைப்பின் 'காரா' செயலியில் இன்றைக்கே பதிந்துவிடுங்கள். காணாமல் போனால் அதை வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் தகவல் அனுப்ப முடியும். பல எம்ஆர்டி ரயில் நிலையங்களும் பேருந்து முனையங்களும் சமூக மன்றங்களும் 'கோ-டூ பாயின்ட்' என்ற இடங்களாக இருக்கின்றன, வழி தவறியவரை அங்கே கொண்டு போய் விடலாம். தினமும் காலையில் உடுத்தியதும் ஒரு படம் எடுத்து வையுங்கள். போலீஸ் முதலில் கேட்பது என்ன உடை என்றுதான், பதற்றத்தில் அது யாருக்கும் ஞாபகம் வராது. அப்புறம் கோப்பிக் கடைக்காரரிடம் சொல்லி வையுங்கள். மானம் போகும் என்று நானும் ஒரு வருடம் மறைத்தேன். 60 வயதைத் தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்கு டிமென்ஷியா என்று மனநலக் கழகத்தின் 2013 ஆய்வு சொன்னது, 2023-இல் அது ஏறக்குறைய பதினொன்றில் ஒருவர். நம் புளோக்கில் எத்தனை வீடு என்று எண்ணிப் பாருங்கள். நான் கோப்பிக் கடைக்காரரிடம் சொன்னபோது அவர் தன் மாமனார் கதையை எடுத்தார், என் கோப்பி ஆறிவிட்டது.

காகிதங்கள்

எல்பிஏ என்பது பின்னால் தெளிவு போனால் அவருக்காக முடிவெடுக்க ஓர் ஆளை முன்பே நியமிக்கும் அதிகாரப் பத்திரம். அதை, அவருக்குப் புரிந்து கையெழுத்திடும் தெளிவு இருக்கும்போதே செய்துவிட வேண்டும். தெளிவு போய்விட்டால் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், காலமும் காசும் போகும். எங்கள் அம்மாவுக்கு நோய் தெரிந்த மூன்றாம் மாதமே செய்தோம். ஆரம்பக் கட்டத்தில் பலருக்கு அந்தத் தெளிவு இருக்கும். அதைச் சான்றளிப்பவர் பார்த்துச் சொல்வார்.

இல்லப் பராமரிப்பு மானியம் 2019-இல் மாதம் 200 சிங்கப்பூர் வெள்ளியாகத் தொடங்கி, 2023-இல் 400 வரை ஆனது. குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிவறை, நடப்பது, எழுந்து இடம் மாறுவது ஆகிய ஆறில் மூன்றுக்காவது துணை வேண்டும். மதிப்பீட்டுக்குப் போகும் நாளில் பாருங்கள், அம்மாவுக்கு ஒரு விருந்தாளி முகம் வந்துவிடும். "நானே குளிச்சுக்குவேன், நானே சமைப்பேன், மருமகளுக்கும் நான்தான் சமைச்சுப் போடுறேன்." என் மனைவியின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். வாதாடாமல் நோட்டை மட்டும் மேசையில் வைத்தேன்.

பார்த்துக்கொள்பவர்

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மேரி மிட்டல்மன் 406 பேரைப் பல வருடம் தொடர்ந்தார். எல்லாரும் டிமென்ஷியா உள்ள கணவனையோ மனைவியையோ பார்த்துக்கொள்பவர்கள். ஒரு பாதிப் பேருக்குத் தனியாகவும் குடும்பத்தோடு சேர்த்தும் ஆலோசனை, ஓர் ஆதரவுக் குழு, வேண்டும்போது தொலைபேசியில் பேச ஆள். அவர்கள் வீட்டு நோயாளிகள் இல்லத்துக்குப் போவது சராசரியாக 557 நாள் தள்ளிப்போனது. அந்த ஆறு ஆலோசனைக் கூட்டங்களில் நாலு, குடும்பத்தாரை உட்காரவைத்துப் பேசுவதுதான்.

என் தம்பி பெர்த்தில் இருக்கிறான். வாட்ஸ்அப்பில் மஞ்சள், தேங்காயெண்ணெய், வல்லாரை என்று வாரம் ஒரு வைத்தியம் அனுப்புவான். ஒருநாள் கோபத்தில், "மாத்திரை அனுப்பாத, மணி அனுப்பு" என்றேன். காசு கேட்கிறேன் என்று நினைத்துவிட்டான். நான் கேட்டது நேரம். இப்போது ஞாயிறு சாயங்காலம் ஐந்தரைக்கு அவன்தான் காணொளியில் வந்து அம்மாவுக்கு அந்தக் காலத்துப் பாட்டு பாடுவான். ஞாயிறு பணிப்பெண்ணுக்கு விடுப்பு, ஆகவே அந்த ஒரு மணி நேரம் எங்களுக்குப் பெரிய உதவி. தூரத்தில் இருக்கும் சொந்தங்களிடம் "ஏதாவது செய்" என்று சொல்லாதீர்கள். கிழமையும் மணியும் குறித்துக் கொடுங்கள்.

பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் சேர்க்க எங்களுக்கு இரண்டு வருடம் ஆனது. 'தள்ளிவிட்டான்' என்பார்களே என்ற பயம். வாரம் இரண்டு நாள் என்று தொடங்கினோம். ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பிடம் கேட்டால் வீட்டுக்குப் பக்கத்தில் எது, வருமானத்துக்குத் தக்க மானியம் எவ்வளவு என்று சொல்வார்கள். முதல் நாள் அம்மா அழுதார், நானும் வண்டி நிறுத்துமிடத்தில் அழுதேன். மூன்றாவது வாரத்திலிருந்து அங்கே ஒரு மலாய்க்காரப் பாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறார்.

நோட்டு இப்போது ஒன்பதாவது. என் கையெழுத்து குறைந்துவிட்டது, பணிப்பெண்ணின் கையெழுத்துதான் அதிகம், அவருடைய மொழியில். மலாயில் 'சக்கிட்' என்றால் வலி, 'ஹாபிஸ்' என்றால் தீர்ந்தது. நேற்றைய கடைசி வரி: ஆறு மணி. மழை, இடி. பயந்தார், 'சக்கிட்' என்றார், முழங்காலைத் தேய்த்தேன். சோறு, மீன், முருங்கைக்கீரை. ஹாபிஸ்.